அலமாரியில் இருப்பதை வைத்து வீகன் சூப்: எனக்கு மட்டும் ஏன் பருப்புத் தண்ணீராக வருகிறது?

மழைநாள் நாக்கு:

மூன்று நாளாகச் சளி. தொண்டையில் யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது மாதிரி இருக்கிறது, வெளியே போய்க் காய்கறி வாங்கிவரத் தெம்பில்லை. சூடாக, கெட்டியாக, ஒரு கிண்ணம் குடித்துவிட்டு அப்படியே போர்வைக்குள் சுருண்டுகொள்ளலாம் என்கிற மாதிரி ஒரு சூப் வேண்டும், அவ்வளவுதான் ஆசை. சிக்கல் என்னவென்றால், கூட இருக்கும் தங்கை ஆறு மாதமாக வீகன். பால், வெண்ணெய், தயிர், தேன் எதுவும் கிடையாது. இந்த உடம்போடு இரண்டு பாத்திரம் வைத்துத் தனித்தனியாகச் சமைக்க நான் தயாரில்லை. ஒரே சட்டி, இரண்டு பேருக்கும்.

அலமாரியைத் துழாவியதில் கிடைத்தவை: மைசூர் பருப்பு அரைக் கிலோ, டின்னில் அடைத்த கொண்டைக்கடலை ஒன்று, தக்காளி பேஸ்ட் ஒரு டியூப், வெங்காயம், பூண்டு, முளைவிட ஆரம்பித்த உருளைக்கிழங்கு நான்கு, ஓட்ஸ், தேங்காய்ப்பால் டின் ஒன்று, சோயா சாஸ், மிளகு, சீரகம், பிரிஞ்சி இலை. ஃபிரிட்ஜ் மூலையில் ஒரு எலுமிச்சம்பழம் சுருங்கிக் கிடந்தது, அதைத் தொடவில்லை.

செய்தது என்ன என்றால், பருப்பைக் கழுவி, வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நறுக்கி ஒன்றாகப் போட்டு, தக்காளி பேஸ்ட் டியூபில் முக்கால்வாசியைப் பிதுக்கி, எட்டு தம்ளர் தண்ணீர் ஊற்றி நாற்பது நிமிடம் கொதிக்கவிட்டேன். பருப்பு ஒரு மாதிரி வெந்தும் வேகாமலும் நின்றது, உருளைக்கிழங்கு கடைசிவரை விறைப்பாகவே இருந்தது, பச்சை வெங்காய வாசனை போகவே இல்லை. சப்பென்று இருக்கிறதே என்று உப்பு போட்டேன். இன்னும் சப்பென்று இருந்தது, இன்னும் போட்டேன். கடைசியில் உப்புக் கரிக்கும் வெந்நீர். தங்கை ஒன்றும் சொல்லாமல் குடித்தாள், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

முன்பெல்லாம் இதே சூப்பில் ஒரு துண்டு வெண்ணெயும் கொஞ்சம் கிரீமும் போட்டால் எல்லாம் சரியாகிவிடும். வீகன் சூப் என்றாலே இப்படித்தானா? கடையில் விற்கிற, சூப்பில் கரைக்கும் ஸ்டாக் கியூப் வாங்கினால்தான் ருசி வருமா?


பழைய சட்டி:

வீகன் என்பதால் கெட்டுப்போகவில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தண்ணீரில் போட்டதால் கெட்டுப்போனது. வெண்ணெய் போட்டிருந்தால் தவறு வெளியே தெரிந்திருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு சின்னக் கணக்கு. சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வெங்காயம் சிவந்து அந்த இனிப்பும் வறுத்த வாசனையும் வர ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். அதனால் நாற்பது நிமிடம் இல்லை, நாலு மணி நேரம் கொதிக்கவைத்தாலும் அது வெந்த வெங்காயம்தான், வதங்கிய வெங்காயம் ஆகாது. எண்ணெயில் மட்டும்தான் அந்தச் சூட்டுக்குப் போக முடியும். சூப்பின் பாதி ருசி தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

நான் செய்கிற விதம். அடி கனமான சட்டி, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய். ஆமாம் மூன்று, பயப்பட வேண்டாம், நாலு பேர் குடிக்கிற சூப், வெண்ணெயும் இல்லை. எண்ணெய் சூடானதும் ஒரு தேக்கரண்டி சீரகம், பிரிஞ்சி இலை. சீரகம் படபடத்ததும் இரண்டு பெரிய வெங்காயம் பொடியாக நறுக்கிப் போட்டு, அரைத் தேக்கரண்டி உப்பு தூவி மிதமான தீயில் விடுங்கள். உப்பு வெங்காயத்தின் தண்ணீரை இழுத்துவிடும், சீக்கிரம் வதங்கும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும், சட்டி சலசலவென்று ஈரச் சத்தம் போடும். அப்புறம் அந்தச் சத்தம் மாறும், ஈரம் வற்றி, சன்னமாகப் பொரிகிற சத்தம் வரும். காதை வைத்துக் கேளுங்கள், கண்ணைவிட அது நன்றாகச் சொல்லும். அந்த இடத்திலிருந்து இன்னும் எட்டு, பத்து நிமிடம். ஓரமெல்லாம் பொன்னிறமாகி, சட்டியின் அடியில் பழுப்பாக ஒரு படலம் ஒட்டும். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் பதறித் தீயை அணைத்துவிடுகிறார்கள். அது கருகல் இல்லை, அதுதான் உங்கள் ஸ்டாக் கியூப். இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்துக் கரண்டியால் சுரண்டினால் அத்தனையும் வெங்காயத்தோடு சேர்ந்துவிடும். கறுப்பாகிக் கசந்தால் மட்டும்தான் கருகல்.

பூண்டை வெங்காயத்தோடு போடாதீர்கள், அதற்கு முன்பே கருகிவிடும். கடைசி ஒரு நிமிடம் போதும். ஆறு பல், தட்டிப் போடுங்கள்.

அப்புறம் ஒரு கப் பருப்பு (சுமார் 200 கிராம்), உருளைக்கிழங்கு, ஒன்றரை லிட்டர் தண்ணீர். மைசூர் பருப்பை ஊறவைக்க வேண்டியதே இல்லை, இருபது நிமிடத்தில் குழைந்துவிடும்.

அப்படியானால் உங்களுக்கு ஏன் நாற்பது நிமிடமாகியும் வேகவில்லை? தக்காளி பேஸ்ட். புளிப்பு இருக்கும் தண்ணீரில் பருப்பும் கிழங்கும் லேசில் மசியாது, அவற்றின் செல் சுவரைப் பிடித்து வைத்திருக்கிற பசை கரைய மறுக்கும். முக்கால் டியூபை முதலிலேயே பிதுக்கினால் உருளைக்கிழங்கு விறைத்துக்கொண்டுதான் நிற்கும். பருப்பு மசிந்த பிறகு தக்காளியைச் சேருங்கள். அதையும் அப்படியே கரைக்காமல், ஒரு சின்ன வாணலியில் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் இரண்டு மேசைக்கரண்டி பேஸ்டை இரண்டு மூன்று நிமிடம் வறுத்து, பளீர் சிவப்பு செங்கல் நிறமாக மாறி, எண்ணெய் ஓரத்தில் சிவப்பாகப் பிரிந்து வரும்போது சூப்பில் கொட்டுங்கள். டின்னில் அடைத்த வாசனை போய்விடும்.

உருளைக்கிழங்கு பற்றி ஒன்று. முளை சின்னதாக இருந்து கிழங்கு கெட்டியாக இருந்தால் முளையைக் குழியோடு தோண்டி எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம். தோல் பச்சையாக இருந்தால் அந்தப் பகுதியை ஆழமாகச் சீவுங்கள். சுருங்கித் தொளதொளவென்று ஆகியிருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதிலிருக்கும் நச்சு கொதிக்கவைத்தாலும் போகாது.


ஒரு சொட்டு:

அந்தச் சுருங்கின எலுமிச்சையைப் பிழிந்தீர்களா? இல்லை என்றுதானே சொன்னீர்கள். அதுதான் பதில். சூப் சப்பென்று இருக்கும்போது உப்பு டப்பாவுக்குக் கை போகிறது, பாதி நேரம் அது கேட்பது புளிப்பு. அடுப்பை அணைத்த பிறகு அரை மூடி பிழியுங்கள், சுவைத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.


கொதிநிலை நூறு:

பழைய சட்டி சொன்னதில் தொண்ணூறு சதவீதம் சரி. தக்காளி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மிகையாகச் சொல்கிறார். ஒரு மேசைக்கரண்டி பேஸ்டை வெங்காயத்தோடு முதலிலேயே வறுத்துவிட்டு ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றினால் மைசூர் பருப்பு தாராளமாக வேகும், தோல் நீக்கி உடைத்த பருப்புதானே. முழுப் பயறு, முழுக் கடலை என்றால் அவர் சொல்வது அப்படியே பொருந்தும். உடம்பு சரியில்லாதவர் இரண்டாவதாக ஒரு வாணலியைக் கழுவ வேண்டுமா என்பதையும் யோசியுங்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. ஒரு இறைச்சிக் குழம்பிலோ எலும்பு சூப்பிலோ நாக்கில் நின்று பேசும் ஒரு ருசி உண்டு, உப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. 1908இல் கிகுனே இகேதா என்ற ஜப்பானிய வேதியியலாளர் அதைக் கண்டுபிடித்து உமாமி என்று பெயர் வைத்தார். அவர் அதை எதிலிருந்து பிரித்தெடுத்தார் தெரியுமா? இறைச்சியிலிருந்து இல்லை, கொம்பு என்கிற கடற்பாசியிலிருந்து. விலங்கு சம்பந்தமே இல்லாத பொருள். அதனால் "வீகன் என்றால் இப்படித்தான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்குக் காரணமான குளுட்டமேட் உங்கள் அலமாரியிலேயே இரண்டு இடத்தில் இருக்கிறது, தக்காளி பேஸ்ட், சோயா சாஸ். சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி ஊற்றுங்கள், சூப்பில் சோயா வாசனையே தெரியாது, ஆனால் அடியில் ஒரு கனம் வந்து உட்காரும். அதிலேயே 2 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது என்பதை மட்டும் மறக்காதீர்கள், தனியாகப் போடும் உப்பைக் குறையுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் பாட்டிலின் லேபிளைப் பார்த்துக்கொள்ளவும், பெரும்பாலான சோயா சாஸில் கோதுமை உண்டு.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது ஒரு பொட்டலம் உலர்ந்த ஷிடாகே காளான் வாங்கி வையுங்கள், மாதக்கணக்கில் கெடாது. அதில் இருக்கும் குவானிலேட் என்ற பொருள் குளுட்டமேட்டோடு சேரும்போது இரண்டும் தனித்தனியாகத் தருவதைவிடப் பல மடங்கு ருசி எழும். நாலைந்து காளானை ஊறவைத்து, ஊறிய தண்ணீரையும் கீழே கொட்டாமல் மண் இறங்கியதும் மேலாகத் தெளிந்ததை மட்டும் சூப்பில் ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீர்தான் விஷயம், காளான் சும்மா கூட வந்தது.

ஸ்டாக் கியூப் கேட்டீர்கள். வாங்கலாம், தவறில்லை, ஆனால் அதில் முதலில் நிற்பது உப்புதான். தங்கைக்காக என்றால் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். காய்கறி கியூப் என்று முன்னால் எழுதியிருந்தாலும் சிலவற்றில் பால் பவுடரோ லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரையோ இருக்கும்.


மழைநாள் நாக்கு:

அடேயப்பா, ஒரு கிண்ணம் சூப்புக்கு இவ்வளவு இருக்கிறதா. எல்லாருக்கும் நன்றி, பழைய சட்டி அக்கா (அக்காதானே?), அந்தச் சத்தம் மாறும் என்றது எனக்குப் பிடித்திருந்தது.

இன்னொரு கேள்வி. இன்று மறுபடி தேடியபோது அலமாரியின் பின்னால் ஒரு பொட்டலம் சிவப்பு ராஜ்மா கிடைத்தது. கடலை டின்னுக்குப் பதில் இதைப் போட்டால் வயிறு நிறையும் இல்லையா? என்னிடம் ஒரு ஸ்லோ குக்கரும் இருக்கிறது. இரவு எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டு மாத்திரை போட்டுத் தூங்கினால் காலையில் சூப் தயாராக இருக்குமே?


ஈயம் பூசாத அண்டா:

வேண்டாம். இதற்காகவே உள்ளே வந்தேன்.

பச்சை ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சு ஒன்று இருக்கிறது, சிவப்பு ராஜ்மாவில்தான் அது மிக அதிகம். நாலைந்து வேகாத கொட்டையே போதும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் ஆரம்பித்துவிடும், பின்னாலேயே வயிற்றுப்போக்கு. நன்றாகக் கொதித்தால் அது அழிந்துவிடும். ஸ்லோ குக்கரோ கொதிக்கும் நிலைக்குப் போகாமலே மணிக்கணக்கில் கிடக்கும். அந்த அரைகுறைச் சூட்டில், அதாவது 80 டிகிரி வாக்கில், நச்சு குறைவதற்குப் பதில் பச்சையில் இருப்பதைவிட அதிகமாகக்கூட வேலை செய்யும். தொட்டுப் பார்த்தால் மெத்தென்று இருக்கும், வெந்துவிட்டது என்று நினைப்பீர்கள்.

எனக்கு ஒரு முறை நடந்தது. விருந்துக்கு என்று இரவே ஊறப்போட்டேன், மறுநாள் காலை சின்னத் தீயில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். மதியம் சாப்பிட்டவர்கள் சாயங்காலம் கழிப்பறை வாசலில் வரிசை. ஒருவருக்கொருவர் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே முறைதான். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் தளதளவென்று முப்பது நிமிடம் கொதிக்கவிட்டு, அதற்கப்புறம்தான் வேறு எந்தப் பாத்திரத்துக்கும் மாற்றுவேன். பிரஷர் குக்கர் இருந்தால் கவலையே இல்லை, உள்ளே சூடு 120 டிகிரி வரை ஏறும்.

டின்னில் வரும் ராஜ்மா ஏற்கெனவே வெந்தது, அதற்கு இந்தப் பயமெல்லாம் கிடையாது. கொண்டைக்கடலை டின்னும் அப்படியே. உடம்பு தேறும்வரை உங்கள் கடலை டின்னோடு நில்லுங்கள். டின்னில் இருக்கும் கொழகொழப்பான தண்ணீரைக் கீழே ஊற்றிவிடாதீர்கள், அதுவும் சூப்பைக் கெட்டியாக்கும். உப்பு சேர்த்த டின்னா என்று மட்டும் முதலில் நக்கிப் பாருங்கள்.


மூடி பறந்தவன்:

கிரீம் இல்லாமல் கெட்டியாக்குவதைப் பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில் நான் எல்லாத் தவறும் செய்தவன்.

தேங்காய்ப்பால் போடுகிறவர்கள் சட்டி தளதளவென்று கொதிக்கும்போது டின்னைக் கவிழ்க்கிறார்கள், அது திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும். ருசி கெடாது, பார்க்கத்தான் பால் திரிந்த மாதிரி இருக்கும். தீயைச் சிம்மில் வைத்து, ஒரு கரண்டி சூடான சூப்பை எடுத்துத் தேங்காய்ப்பாலில் கலக்கி, அப்புறம் அதைச் சட்டியில் ஊற்றி, ஆவி பறக்கிற அளவு சூடானதும் இறக்கிவிடுங்கள். எலுமிச்சை பிழிவதாக இருந்தால் சட்டியில் வேண்டாம், கிண்ணத்தில் பிழியுங்கள். ஒன்றரை லிட்டருக்கு அரை டின் போதும், முழு டின் ஊற்றினால் பருப்பு ருசி அமுங்கி எல்லாமே தேங்காயாக இருக்கும், எனக்கு அது பிடிக்காது.

தேங்காய் வாசனையே வேண்டாம் என்றால் ஓட்ஸ். உருளைக்கிழங்கு பாதி வெந்ததும் மூன்று மேசைக்கரண்டி போடுங்கள், தேடினாலும் கிடைக்காத மாதிரி கரைந்து வழுவழுப்பைக் கொடுத்துவிடும். இதை யாரும் நம்புவதில்லை, செய்து பார்த்தால் நம்புவார்கள். முந்திரி இருந்தால் ஒரு கைப்பிடியை அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து மையாக அரைத்து ஊற்றலாம், அதுதான் கிரீமுக்கு மிக நெருங்கியது, உங்களிடம் இல்லை, விடுங்கள்.

மிக்ஸி பற்றி. கொதிக்கிற சூப்பை ஜாரின் விளிம்புவரை ஊற்றி, மூடியை இறுக அமுக்கி ஓட்டினேன். ஒரே வினாடி. ஆவி மூடியைத் தூக்கி எறிந்தது, சூப் மேற்கூரைக்குப் போனது, என் மணிக்கட்டில் இன்னும் தழும்பு இருக்கிறது. பெயரைப் பார்த்தாலே புரிந்திருக்கும். கொஞ்சம் ஆறவிடுங்கள், ஜாரில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், மூடியின் நடுவில் திறப்பு இருந்தால் அதைக் கழற்றிவிட்டு மேலே மடித்த துணியை வைத்துப் பிடித்துக்கொண்டு மெதுவான வேகத்தில் தொடங்குங்கள். உண்மையில் உங்களுக்கு மிக்ஸியே தேவையில்லை. வெந்த கடலையிலும் கிழங்கிலும் ஒரு கைப்பிடியைச் சட்டி ஓரத்தில் வைத்து மத்தாலோ கரண்டியின் முதுகாலோ மசித்தால் போதும். பாதி வழுவழுப்பு, பாதி பல்லில் கடிபடுகிற மாதிரி. இப்படி இருக்கிற சூப்தான் சாப்பிட்ட நிறைவைத் தரும்.


பழைய சட்டி:

அக்காவா அண்ணனா என்று சட்டி சொல்லாது 😄

கொதிநிலை நூறு சொன்ன வாணலி விஷயம் நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஒரு மேசைக்கரண்டி என்றால் வெங்காயத்தோடேயே வறுத்துவிடுங்கள். அதற்கு மேல் போட ஆசை இருந்தால் என் வழிக்கு வாருங்கள்.

நேற்றைய உப்பு சூப் மிச்சம் இருந்தால் கொட்ட வேண்டாம். பச்சை உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை உறிஞ்சும் என்று சொல்வார்கள், நானும் பல வருடம் செய்தேன். கிழங்கு தான் குடிக்கிற தண்ணீரோடு சேர்ந்த உப்பைத்தான் எடுக்கும், மிச்சச் சூப்பின் கரிப்பு அப்படியேதான் இருக்கும். உப்பில்லாமல் பருப்பு வேகவைத்து அதோடு கலப்பதுதான் ஒரே வழி.


மழைநாள் நாக்கு:

செய்துவிட்டேன். சொல்ல வேண்டும் என்று ஓடி வந்தேன்.

வெங்காயம் வதக்கப் பதினெட்டு நிமிடம் ஆனது, நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டேன். சளியில் வாசனை எதுவும் தெரியவில்லை, அதனால் உண்மையாகவே காதை வைத்துத்தான் சமைத்தேன். சத்தம் மாறியது! சலசலப்பு போய்ச் சன்னமாக ஆனபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடியில் பழுப்புப் படலம் ஒட்டியதும் கை தானாகத் தண்ணீர்ச் செம்பை எடுக்கப் போனது, அடக்கிக்கொண்டு இரண்டு மேசைக்கரண்டி மட்டும் தெளித்தேன். சுரண்டியபோது தண்ணீர் தேநீர் நிறத்தில் வந்தது.

ஒரு மேசைக்கரண்டி பேஸ்டை அதிலேயே வறுத்தேன், பருப்பு இருபத்திரண்டு நிமிடத்தில் குழைந்தது. நாலு கிழங்கில் இரண்டு தொளதொளவென்று இருந்ததால் குப்பைக்குப் போயின, இரண்டைச் சீவிப் போட்டேன். ஓட்ஸ் மூன்று மேசைக்கரண்டி, கடலை டின் தண்ணீரோடு, கடைசியில் சோயா சாஸ். தேங்காய்ப்பாலைத் திறக்கவே இல்லை, தேவைப்படவில்லை. உப்பு மொத்தமே ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் மேல்தான் ஆனது, நேற்று எத்தனை போட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எலுமிச்சை பிழிவதற்கு முன் ஒரு கரண்டி குடித்தேன், பிழிந்த பிறகு ஒரு கரண்டி. முன்னது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எல்லா ருசியும் ஒரு போர்வைக்குள் பேசிக்கொள்வது மாதிரி. பிழிந்ததும் போர்வையை விலக்கிவிட்டார்கள். ஒரு சொட்டு, உங்களுக்கு என் தனி வணக்கம். பருப்பில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சையின் வைட்டமின் சி உதவும் என்று தங்கை கூடவே ஒரு பாடமும் நடத்தினாள், பி12 மட்டும் இதில் கிடைக்காது, அதற்குத் தனியாக மாத்திரை என்று டப்பாவைக் காட்டினாள். சரி, சரி, குடி என்றேன்.

இந்த முறையும் அவள் பேசாமல்தான் குடித்தாள். ஆனால் எழுந்து போய் இரண்டாவது கிண்ணம் ஊற்றிக்கொண்டாள்.

இன்னும் பாதிச் சட்டி மிச்சம். அப்படியே மூடி அடுப்பிலேயே வைத்துவிட்டு நாளைக்குச் சூடு பண்ணிக்கொள்ளலாமா?


ஈயம் பூசாத அண்டா:

கூடாது, மறுபடியும் நான்தான். பெரிய சட்டியில் மூடிவைத்த சூப் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும், கொதித்தும் சாகாத சில கிருமிகளுக்கு அந்தச் சூடுதான் கொண்டாட்டம். அகலமான, ஆழம் குறைந்த பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போகட்டும். மூன்று நாள், மிஞ்சினால் நாலு நாள். குடிக்கும்போது தேவையானதை மட்டும் எடுத்துக் கொதிக்கவையுங்கள், மொத்தத்தையும் திரும்பத் திரும்பச் சூடாக்க வேண்டாம். ஃப்ரீசரில் இரண்டு மூன்று மாதம் தாங்கும், ஆனால் உருளைக்கிழங்கு மட்டும் மணல் மணலாக ஆகிவிடும், அதை முன்பே மசித்துவிட்டால் தெரியாது.

ஓட்ஸ் போட்டிருப்பதால் காலையில் திறந்தால் களி மாதிரி நிற்கும், பயந்துவிடாதீர்கள். அரை தம்ளர் வெந்நீர் ஊற்றிக் கலக்கினால் இளகிவிடும். எலுமிச்சையில் இன்னொரு மூடி இருக்கிறதுதானே?


மழைநாள் நாக்கு:

இருக்கிறது. தங்கை அதை ஒளித்து வைத்திருக்கிறாள்.